நடுவருக்கு முன் நீங்கள்: மலையிலிருந்து பியானோ போட்டி கேட்பது எப்படி

பியானோ போட்டியைச் சும்மா கேட்டால் அது ஒரு நீளமான கச்சேரி, அவ்வளவுதான். ஒரே உருப்படியைப் பத்துப் பேர் வாசிப்பார்கள். நாலாவது ஆளிலேயே கொட்டாவி வந்துவிடும். அதே போட்டிக்கு ஒரு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, "இவர் அடுத்த சுற்றுக்குப் போவார், இவர் போகமாட்டார்" என்று நடுவர்கள் அறிவிப்பதற்கு முன்பே எழுதி வைத்துப் பாருங்கள். முடிவு வருகிற இரவு தூக்கம் பிடிக்காது. கீழே வரும் நேரக் கணக்கு, இணைய இணைப்பு, ஹெட்போன், கேட்கும் முறை எல்லாமே அந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்வதற்கான ஏற்பாடுகள்தான்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பியானோ புதிய பொருள் இல்லை. பழைய சர்ச்சுகளிலும் உறைவிடப் பள்ளிகளிலும் அது இருக்கிறது; டிரினிட்டி கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகள் படிக்கிற வீடுகள் இருக்கின்றன. ஆனாலும் போட்டி என்றதும் "நோட்டேஷன் தெரியாமல் என்ன கேட்பது?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நோட்டேஷன் வேண்டாம். கச்சேரி முடிந்து வெளியே வரும்போது "இன்றைக்குக் காம்போதி எடுபடவில்லை" என்று சொல்லத் தெரிந்த காது போதும்.

எந்தப் போட்டி, எப்போது

உலகில் எங்காவது ஒரு பியானோ போட்டி எப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கும். எல்லாவற்றையும் துரத்த வேண்டாம். தொடங்குகிறவருக்கு நாலு போட்டி தெரிந்தால் தாராளம்.

முதலாவது, அந்நாட்டு இசையமைப்பாளர் ஷோப்பான் பெயரில் போலந்தின் வார்சாவில் நடக்கும் ஷோப்பான் போட்டி. 1927ல் தொடங்கியது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை, அக்டோபரில். கொரோனாவால் 2020 போட்டி 2021க்குத் தள்ளிப்போனது, அடுத்து 2025ல் நடந்தது, இனி 2030. முதல் சுற்றிலிருந்து இறுதிச் சுற்று வரை ஷோப்பான் ஒருவருடைய இசை மட்டுமே. புதியவர்களுக்கு நாங்கள் கைகாட்டுவது இதைத்தான். ஒரே ஆளின் உருப்படிகள் திரும்பத் திரும்ப வருவதால் பத்து நாளில் காதுக்கு அவை பழகிவிடும். அதன்பின் வாசிப்பவர்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டும் தனியாகத் தெரியும். (2018ல் பூத்த குறிஞ்சி அடுத்துப் பூக்க வேண்டியதும் 2030லேயே. கொடைக்கானல்காரர்களுக்கு அந்த வருடம் அக்டோபரில் வேலை அதிகம்.)

இரண்டாவது, பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் மே மாதம் நடக்கும் ராணி எலிசபெத் போட்டி. வயலின், செல்லோ, பாட்டு, பியானோ என்று வருடத்துக்கு ஒன்றாக மாறி மாறி வரும். பியானோ 2025ல் வந்தது, அடுத்து 2029. இதில் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகும் 12 பேரையும் வாட்டர்லூவில் உள்ள இசைப் பள்ளியில் ஒரு வாரம் அடைத்துவிடுவார்கள். கைபேசி இல்லை, ஆசிரியர் இல்லை. அதுவரை யாரும் கேட்டிராத புதிய உருப்படி ஒன்றின் காகிதத்தைக் கையில் கொடுத்து, ஒரு வாரத்தில் அதைக் கற்று இசைக்குழுவோடு வாசிக்கச் சொல்வார்கள். இரவுக்கு இரண்டு பேராக ஆறு இரவுகள். யூடியூபில் கேட்டுப் பழகி, இன்னொருவரைப் பார்த்து வாசிப்பதற்கு அங்கே வழியே இல்லை என்பதால் இந்த இறுதிச் சுற்றுக்கு ஒரு தனி ருசி உண்டு.

மூன்றாவது, அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரில் 1962ல் தொடங்கிய வான் கிளைபர்ன் போட்டி. மே கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரத்தில் முடியும். 2025ல் நடந்தது, அடுத்தது 2029. இங்கே உருப்படிகளைப் போட்டியாளரே பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார். 2022ல் கொரியாவின் யுன்சான் லிம் 18 வயதில் முதல் பரிசு வாங்கினார். அரையிறுதியில் இசையமைப்பாளர் லிஸ்ட் எழுதிய டிரான்ஸெண்டென்டல் எட்யூட்கள் (விரல் பயிற்சிக்கான உருப்படிகள்) பன்னிரண்டையும் ஒரே மூச்சில் வாசித்து, இறுதியில் ராக்மானினோவின் மூன்றாவது கான்செர்ட்டோவை (இசைக்குழுவோடு வாசிக்கும் நீண்ட உருப்படி) வாசித்தவர்.

நான்காவது, இங்கிலாந்தின் லீட்ஸ். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, செப்டம்பரில். 2024க்குப் பிறகு 2027.

நேரக் கணக்கு

புதியவர்கள் முதலில் தவறவிடுவது இங்கேதான். ஐரோப்பாவில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி, அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று பின்னால் இழுப்பார்கள். ஷோப்பான் போட்டி அதற்கு முன்பே முடிந்துவிடுவதால் வார்சாவுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம்தான். அங்கே காலை 10 என்றால் நமக்குப் பகல் 1.30; அங்கே மாலை 5 என்றால் இரவு 8.30, மாலை 6 என்றால் இரவு 9.30. மே மாத பிரஸ்ஸல்ஸுக்கும் அதே மூன்றரை; அங்கே இரவு 8க்குத் தொடங்கும் இறுதிச் சுற்று நமக்கு 11.30. செப்டம்பர் லீட்ஸுக்கு நாலரை.

ஃபோர்ட் வொர்த் விஷயம் வேறு. பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே சனிக்கிழமை இரவு 7.30க்கு நடப்பது நமக்கு ஞாயிறு காலை 6 மணி. தேதியை மாற்றி எழுதாமல் சனிக்கிழமை இரவு விழித்துக் காத்திருந்தவர்கள் உண்டு. ஆனால் மலையில் இருப்பவர்களுக்கு இதைப்போல வசதியான நேரம் வேறில்லை: கூட்டமில்லாத காலை, நெட் தாராளமாக ஓடும், டீயும் வர்க்கியுமாக ஒரு கான்செர்ட்டோ.

அட்டவணை வெளியானதும் உங்கள் நேரத்துக்கு மாற்றி, தேதியும் கிழமையுமாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கைபேசியில் மட்டும் வைத்தால் பார்க்க மாட்டீர்கள். ஷோப்பான் போட்டியில் அக்டோபர் 17ஐ வெட்டிவிடுங்கள். அது ஷோப்பான் இறந்த நாள். அன்று போட்டி கிடையாது. அவருடைய இதயம் தூணுக்குள் வைக்கப்பட்டுள்ள ஹோலி கிராஸ் தேவாலயத்தில் மோட்சார்ட்டின் ரெக்வியம் (இறந்தவர்களுக்கான பூசை இசை) நடக்கும். உள்ளூர் நாள்காட்டியையும் ஒரு முறை பாருங்கள். 2025ல் இறுதிச் சுற்றின் மூன்றாம் நாள் அக்டோபர் 20, அன்றே தீபாவளி. சரவெடிக்கு நடுவே மெல்லிசான ஸ்வரத்தைத் தேட வேண்டியிருந்தது.

கரண்ட், நெட், மழை

ஷோப்பான் போட்டி நடக்கும் அக்டோபர், வடகிழக்குப் பருவமழை இறங்கும் மாதம். பழனி மலையிலும் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளிலும் மரம் சாய்ந்து கரண்ட் போவது அப்போதுதான். கிளைபர்ன் முடியும் ஜூன் முதல் வாரம் கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்கு மழை தொடங்கும் நேரம். இரண்டுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால் உங்கள் ஆள் மேடைக்கு வரும் நிமிடத்தில் திரை கறுத்துவிடும்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் ரவுட்டருக்கு என்று விற்கும் மினி யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், ஆம்பியர் 1 ஆகவோ 1.5 ஆகவோ 2 ஆகவோ இருக்கும். யுபிஎஸ்ஸின் வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. சில வீடுகளில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி வேறு, வைஃபை பெட்டி வேறு. ஒன்றுக்கு மட்டும் யுபிஎஸ் போட்டுவிட்டு "வைஃபை காட்டுகிறது, நெட் வரவில்லையே" என்று குழம்புவது இதனால்தான். வீட்டில் இன்வெர்டர் இருந்தால் குளிருக்கு ஹீட்டரை அதில் போடாதீர்கள்; ஹீட்டர் இழுப்பது ஆயிரம் வாட்டுக்கு மேல், ரவுட்டர் இழுப்பது பத்துப் பதினைந்து வாட். ஹீட்டரைப் போட்டால் இன்வெர்டர் நின்றுவிடும், போட்டியும் போகும். கம்பளி போதும்.

மொபைல் டேட்டாவை நம்பியிருப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நெடுநேரம் கரண்ட் இல்லையென்றால் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும், டேட்டா மெல்லச் சாகும். மே மாத சீசனில் சுற்றுலாக் கூட்டம் நிறையும்போது மாலையில் டேட்டா ஊர்ந்துதான் வரும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: படத்தின் தரத்தை 480பி என்று கையால் நிறுத்திவிடுங்கள். "ஆட்டோ" என்று விட்டால் அது உயரே போய் உயரே போய்த் தடுக்கும். 480பியில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபி செலவாகும், ஒலி கெடாது. 144பிக்கு இறக்கினால் ஒலியும் சேர்ந்து தேயலாம். அதற்கும் வழியில்லாத இடம் என்றால், மன்னவனூர், மஞ்சூர் பக்கத்தில் சில மூலைகள் அப்படித்தான், படத்தை மறந்துவிட்டு போலந்து வானொலியின் இரண்டாம் அலைவரிசையை இணையத்தில் போடுங்கள். ஷோப்பான் போட்டியை அது ஒலிபரப்பும். ஒலி மட்டும் என்பதால் மணிக்கு நூறு எம்பிக்குள் அடங்கிவிடும்.

கேட்கும் கருவி: கைபேசியின் ஸ்பீக்கரில் பியானோ போட்டி கேட்காதீர்கள். இடது கையின் அடி ஸ்வரங்கள் அதில் வராது. பாதி வாசிப்பைத்தான் கேட்பீர்கள். வயர் உள்ள சாதாரண ஹெட்போனே போதும். புளூடூத் என்றால் சிலவற்றில் ஒலி தாமதமாக வந்து, விரலும் ஸ்வரமும் ஒட்டாமல் எரிச்சலூட்டும். தகர ஷீட் கூரை வீடு என்றால் காதை மூடுகிற பெரிய ஹெட்போன் அவசியம். மழை அடிக்கிறபோது மெல்லிய பகுதிகள் ஒன்றும் கேட்காது.

பலருக்குத் தெரியாத ஒன்று: யூடியூபில் "நிலையான ஒலியளவு" என்றொரு அமைப்பு உண்டு, பல கைபேசிகளில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். சத்தமானதைக் குறைத்து, மெல்லியதைக் கூட்டிச் சமப்படுத்தும். பேச்சுக்கு நல்லது, பியானோவுக்கு விஷம். அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிடுங்கள். அதேபோல் ஒலியளவை முதல் ஆளுக்கு ஒரு முறை வைத்துவிட்டால் அந்த அமர்வு முழுவதும் தொடாதீர்கள். கொஞ்சம் சத்தமாகக் கேட்கிறவரையே காது உயர்வாக மதிப்பிடும்.

நேரலைக்கு முன் ஒரு ஒத்திகை

அடுத்த போட்டி வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 2025 ஷோப்பான் போட்டி முழுவதும், ஆள்வாரியாக, சுற்றுவாரியாக, ஷோப்பான் நிறுவனத்தின் யூடியூப் பக்கத்தில் கிடக்கிறது. முடிவு தெரியாதவர் என்றால் தேடிப் பார்க்காதீர்கள். அந்த ஆண்டு வென்றவர் பெயரை இந்தக் கட்டுரையில் வேண்டுமென்றே எங்கேயும் சொல்லவில்லை. வீடியோக்களின் தலைப்பும் படமும் சில நேரம் பரிசைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வீட்டில் வேறு யாரையாவது முதல் சுற்றிலிருந்து எட்டுப் பேரைப் பொறுக்கிப் பட்டியலாகப் போடச் சொல்லுங்கள். அதில் பரிசு வாங்கியவர் இரண்டு பேர், முதல் சுற்றிலேயே வெளியேறியவர் மூன்று பேராவது இருக்கட்டும், யார் யார் என்று உங்களுக்குச் சொல்லாமல்.

2025ல் முதல் சுற்றில் வாசித்தவர்கள் 84 பேர். இரண்டாம் சுற்றுக்கு 40, மூன்றாவதுக்கு 20, இறுதிக்கு 11. ஆக எட்டுப் பேரில் நீங்கள் "போகலாம்" என்று எழுதக்கூடியது நாலு பேரைத்தான். இந்தக் கட்டுப்பாடு முக்கியம். அது இல்லாவிட்டால் எல்லாரும் நன்றாகத்தான் வாசிப்பதாகத் தோன்றும். உண்மையில் எல்லாரும் நன்றாகத்தான் வாசிக்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு நாலு பெயரை அடிக்கும்போதுதான் காது கூர்மையாகும்.

நோட்டு எழுதுவது

லாங் சைஸ் நோட்டில் ஆளுக்கு அரைப் பக்கம். மேலே பெயர், பியானோவின் பிராண்டு, வாசித்த உருப்படிகள். அதன் கீழ் மூன்று வரி மட்டும்: நாதம் எப்படி, காலம் எப்படி, எந்த இடம் மனதில் நின்றது. கடைசியில் 25க்கு ஒரு மதிப்பெண், ஆம் அல்லது இல்லை. வார்சாவிலும் நடுவர்கள் 25க்குத்தான் போடுகிறார்கள். 2021ல் "அடுத்த சுற்றுக்கு: ஆம், இல்லை" என்றும் தனியாக எழுதினார்கள்.

கைதட்டல் ஓய்ந்து அடுத்தவர் வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டால் இரண்டு பேர் வாசிப்பும் கலந்து ஒன்றாகிவிடும். முதல் மூன்று பேரின் மதிப்பெண்ணைப் பென்சிலில் எழுதுங்கள். அளவுகோலே அப்போது இருக்காது. முதல் ஆளுக்கு 23 கொடுத்துவிட்டு, பின்னால் வருகிறவருக்கு இடமில்லாமல் திண்டாடுவது எல்லாருக்கும் நடப்பது. 19ஐ நடுவில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. 22க்கு மேல் என்றால் "இன்றே மறுபடி கேட்பேன்" என்று பொருள். அந்த ஆசை வராதவருக்கு 22 கொடுக்காதீர்கள்.

எதைக் கேட்பது

இதுதான் நிறையப் பேர் தயங்கும் இடம். கர்நாடக இசை பழகிய காதுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும்: பியானோவில் கமகம் கிடையாது. சுத்தியல் கம்பியை அடித்த கணத்திலிருந்தே ஸ்வரம் தேயத் தொடங்கிவிடும். வாசிப்பவரால் அதைப் பிறகு கூட்டவோ அசைக்கவோ முடியாது. அப்படியிருந்தும் சிலர் வாசித்தால் பாடுவதைப் போல இழைகிறதே, அது எப்படி? முந்தைய ஸ்வரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கு ஒப்ப அடுத்த ஸ்வரத்தைத் தொடங்குவதால். நாக்டர்ன் போன்ற மெதுவான உருப்படியில் இதை மட்டும் கவனியுங்கள். ஸ்வரங்கள் தனித்தனியாகத் தட்டினாற்போல விழுகின்றனவா, ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்று வருகிறதா? பாதிப் பேர் இந்த ஒரு கேள்வியிலேயே கீழே இறங்கிவிடுவார்கள்.

அடுத்தது காலம். ஷோப்பானில் "ருபாட்டோ" என்று அடிக்கடி கேள்விப்படுவீர்கள். வலது கையின் பாட்டு கொஞ்சம் தயங்கும், கொஞ்சம் ஓடும். இடது கை நடையை விடாது. இரண்டு கையும் சேர்ந்தே தள்ளாடினால் அது ருபாட்டோ இல்லை, காலப்பிரமாணம் போய்விட்டது என்று அர்த்தம். இதைப் பழகச் சிறந்த உருப்படி ஓபஸ் 42 வால்ட்ஸ் (ஓபஸ் என்பது உருப்படியின் வரிசை எண், வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கையில் போகும் ஆட்ட இசை). 2025 முதல் சுற்றில் தேர்ந்தெடுக்க அனுமதித்த வால்ட்ஸ்களில் ஒன்று, நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். வலது கையின் துடிப்பான டிரில்லோடு, அதாவது பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்வரங்கள் வேகமாக மாறி மாறி ஒலிப்பதோடு, தொடங்கும். பிறகு இடது கை மூன்று எண்ணிக்கையில் போகும்போது மேலே பாட்டு இரண்டு இரண்டாக நடக்கும். நாலு பேர் வாசித்ததை அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒருவரிடம் மூன்று மட்டும் கேட்கும், இன்னொருவரிடம் இரண்டு மட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் சிரமமில்லாமல் கேட்கிறதென்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

எட்யூட்கள் விரல் சோதனை. ஓபஸ் 25ன் ஆறாவது எட்யூடில் வலது கை இரட்டை ஸ்வரங்களாகவே ஓடும். இரண்டு குரலும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஓபஸ் 10ன் இரண்டாவதில் கையின் பலவீனமான கடைசி மூன்று விரல்களுக்குத்தான் முழு வேலையும். இங்கே வேகத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். எல்லாரும் வேகம்தான்.

மூன்றாவது சுற்றில் மசூர்காக்கள் வரும், ஒரே ஓபஸில் உள்ள தொகுதியாக. போலந்துக் கிராமத்து ஆட்டத்தின் மூன்று எண்ணிக்கை அது. ஆனால் அழுத்தம் முதல் எண்ணிக்கையில் விழாமல் இரண்டிலோ மூன்றிலோ விழும், அதுவும் ஒரே மாதிரி இல்லாமல் மாறிக்கொண்டிருக்கும். எழுதிவைத்து வாசிக்க முடியாத விஷயம். நன்றாக வாசித்தவருக்குப் போலந்து வானொலி 1927 முதலே தனிப் பரிசு கொடுத்து வருகிறது. மசூர்கா சலிப்பாக இருக்கிறதென்று புதியவர்கள் எழுந்து டீ போடப் போய்விடுவார்கள். நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவது அப்போதுதான். அதே சுற்றில் சொனாட்டாவும் (பல பகுதிகள் கொண்ட நீண்ட உருப்படி) உண்டு. ஓபஸ் 35 என்றால் மூன்றாம் பகுதி எல்லாருக்கும் தெரிந்த சவ ஊர்வல இசை. அதற்கு அடுத்த கடைசிப் பகுதி ஒன்றரை நிமிடம்தான், இரண்டு கையும் ஒரே வரியைச் சேர்ந்தே முணுமுணுத்துக்கொண்டு ஓடும். அதில் ஏதாவது ஒரு உருவம் தெரிந்ததா, வெறும் இரைச்சலாகப் போனதா என்று எழுதுங்கள்.

இறுதிச் சுற்றில் இசைக்குழுவோடு கான்செர்ட்டோ. 2025ல் அதோடு பொலனேஸ் ஃபேண்டசி ஓபஸ் 61 என்ற தனிப் பியானோ உருப்படியும் கட்டாயம். கான்செர்ட்டோ இரண்டே. ஓபஸ் 11, ஏறக்குறைய நாற்பது நிமிடம். பெரும்பாலோர் இதைத்தான் எடுப்பார்கள். பியானோ வருவதற்கு முன் இசைக்குழு மட்டும் சுமார் நாலு நிமிடம் வாசிக்கும், ஆள் கையைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். நெட் நின்றுவிட்டதோ என்று ரவுட்டரைத் தட்டாதீர்கள். ஓபஸ் 21 கொஞ்சம் சிறியது, எடுப்பவர்கள் குறைவு. 1980ல் வியட்நாமின் டாங் தாய் சன் இதை வாசித்துத்தான் ஆசியாவிலிருந்து முதல் வெற்றியாளர் ஆனார். இதன் கடைசிப் பகுதியில் திடீரென்று ஒரு ஹார்ன் ஊதும். அதற்குப் பிறகு முடிவை நோக்கி ஒரே ஓட்டம். சறுக்குகிறவர்கள் அங்கேதான் சறுக்குவார்கள்.

தவறான ஸ்வரங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நடுவர்களும் எண்ணுவதில்லை. நினைவு தவறி நின்றுபோனால் அது வேறு. அப்போதும் எப்படி மீண்டு வந்தார் என்பதையே எழுதுங்கள்.

பியானோவும் ஆளுக்கு ஆள் மாறும். ஸ்டைன்வே, யமாஹா, ஷிகெரு கவாய், ஃபாஸியோலி, 2025ல் பெக்ஸ்டைனும். போட்டிக்கு முன் சில நிமிடங்கள் வாசித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். 2021ல் வென்ற கனடாவின் புரூஸ் லியூ எடுத்தது ஃபாஸியோலி. பத்துப் பதினைந்து பேரைக் கேட்டபின், பிராண்டைப் பார்க்காமல் சொல்ல முடிகிறதா என்று சோதிப்பது தனி விளையாட்டு.

நடுவர் கணக்கு உங்களை ஏமாற்றும் விதம்

உங்களுக்குப் பைத்தியமாகப் பிடித்த ஒருவர் வெளியேறுவார். இது நிச்சயம் நடக்கும். அதற்குச் சதி காரணமில்லை, பெரும்பாலும் கூட்டல் கழித்தல்தான். நடுவர் தன் மாணவருக்கு மதிப்பெண் போடக்கூடாது. மற்றவர்களின் சராசரியிலிருந்து அளவுக்கு மீறி விலகிய மதிப்பெண்ணை வரம்புக்குள் இழுத்துவிடுவார்கள். வரம்பு இரண்டு புள்ளி என்று வைத்துக்கொண்டு ஐந்து நடுவரோடு கணக்குப் பாருங்கள். ஒருவருக்கு 21, 21, 20, 21, 20, சராசரி 20.6. இன்னொருவருக்கு 25, 25, 18, 18, 18, சராசரி 20.8, இவர்தான் முன்னால். இப்போது திருத்தம்: 25கள் 22.8 ஆகக் குறையும், 18கள் 18.8 ஆக ஏறும். புதிய சராசரி 20.4. முன்னால் இருந்தவர் பின்னால் போய்விட்டார். இரண்டு பேர் உயிரை விட்டு ரசித்ததைவிட ஐந்து பேரும் "சரிதான்" என்று சொன்னது இந்த முறையில் பலமானது. 2025ல் முந்தைய சுற்றுகளின் மதிப்பெண்ணும் இறுதிக் கணக்கில் சேர்ந்தது. ஆகவே கடைசி இரவு யார் கான்செர்ட்டோ அபாரமாக வாசித்தார் என்பது மட்டும் முடிவைச் சொல்லாது.

அதனால் நோட்டில் இரண்டு பத்தி வையுங்கள்: ஒன்றில் உங்கள் மதிப்பெண், இன்னொன்றில் நடுவர்கள் என்ன செய்வார்கள் என்ற ஊகம். இரண்டையும் கலந்தால் இரண்டுமே கெடும். 1980ல் யூகோஸ்லாவியாவின் ஐவோ போகொரெலிச்சை இறுதிச் சுற்றுக்கு அனுப்பாததைக் கண்டித்து மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவிலிருந்தே விலகினார். 1965ல் அதே போட்டியில் முதல் பரிசு வாங்கியவர் அவர். நடுவர்களுக்குள்ளேயே இந்த அளவு வேறுபாடு வரும்போது உங்கள் 24 தவறு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இன்னொரு காரணம் மைக். நடுவர்கள் அரங்கின் மாடியில் உட்கார்ந்து கேட்கிறார்கள். நீங்கள் பியானோவுக்கு அருகில் தொங்கும் மைக்கின் வழியாகக் கேட்கிறீர்கள். நாதம் சிறியவர் உங்கள் ஹெட்போனில் நெருக்கமாக, அழகாகக் கேட்பார்; அரங்கில் அந்த நாதம் மாடி வரை எட்டியிருக்காது. பெரிய நாதக்காரர் உங்களுக்கு முரட்டுத்தனமாகத் தெரிவார். இதற்காக உங்கள் மதிப்பெண்ணைத் திருத்த வேண்டாம், ஊகத்தை மட்டும் கொஞ்சம் நகர்த்துங்கள்.

கெடுக்கும் பழக்கங்கள்

நேரலைக்குப் பக்கத்தில் ஓடும் சாட்டை மூடிவிடுங்கள். ஆயிரம் பேர் இதயக் குறி போடும்போது உங்கள் காது தானாக அவர்கள் பக்கம் சாயும். மதிப்பெண் எழுதி முடித்த பிறகு வேண்டுமானால் போய்ச் சண்டை போடலாம்.

முகத்தைப் பார்க்காதீர்கள். 2013ல் சியா ஜுங் ட்சே என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், போட்டி வாசிப்பின் ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியில்லாத வீடியோவை மட்டும் பார்த்தவர்களே வென்றவரை அதிகமாகச் சரியாக ஊகித்தார்கள். கண் அவ்வளவு பலமானது. ஒவ்வொருவருக்கும் பாதி உருப்படியையாவது திரையைத் திருப்பி வைத்துக் கேளுங்கள்.

ஒரு நாளில் இரண்டு அமர்வும் கேட்க வேண்டும் என்று கங்கணம் கட்டாதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் காது மந்தமாகி, கடைசியாக வருகிறவர்கள் எல்லாரும் 17 வாங்குவார்கள். அது அவர்கள் தவறில்லை. முதல் சுற்றில் தினமும் மாலை அமர்வின் முதல் பாதி போதும். தவறவிட்டவர்களைப் பிறகு பதிவில் பிடிக்கலாம். ஆனால் முடிவு அறிவிக்கும் முன். அறிந்த பிறகு போடும் மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை.

நாலைந்து பேர் சேர்ந்து கேட்பதானால் டிவியோடு ஒரு நல்ல ஸ்பீக்கரை இணையுங்கள், எல்லாரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள், இடைவேளை வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. "ச்சே, என்ன வாசிப்பு!" என்று ஒருவர் சொன்னாலே மற்ற நாலு தாளிலும் இரண்டு புள்ளி ஏறிவிடும்.

முடிவு வரும் இரவும் அதற்கு அப்புறமும்

வார்சாவில் இறுதி முடிவுகள் நள்ளிரவைத் தாண்டித்தான் வந்திருக்கின்றன. நமக்கு அது விடியற்காலை. கடைசி ஆள் வாசித்து முடித்ததும் ஆறு பெயரை வரிசையாக எழுதி, தேதியும் நேரமும் போட்டு, ஒரு போட்டோ எடுத்து நண்பருக்கு அனுப்பிவிட்டுப் படுங்கள். அனுப்பிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. அலாரம் ஐந்து மணிக்கு.

போட்டி முடிந்தபின் ஷோப்பான் நிறுவனம் ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு போட்டியாளருக்கும் போட்ட மதிப்பெண்களைப் பட்டியலாக வெளியிடுவது வழக்கம். அதை இறக்கி உங்கள் நோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் கேட்ட பத்துப் பதினைந்து பேருக்கு, ஒவ்வொரு நடுவருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. கூட்டல் தொகை மிகக் குறைவாக வருகிறவரே உங்கள் காதுக்கு நெருங்கிய நடுவர். மிக அதிகமாக வருகிறவரையும் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் வாசித்த பதிவுகள் கிடைக்கும். ஒரே மசூர்காவை இருவரிடமும் கேட்டால், உங்களுக்குப் பிடித்தவர் ஏன் வெளியேறினார் என்பதற்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.